மரபணுத் தரவு இலவசம். தந்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

ஒரு வைரஸின் முழு மரபணு வரிசையை நம் செல்போனிலேயே பதிவிறக்கலாம், தெரியுமா? காசும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று பராமரிக்கும் 'ஜென்பேங்க்' தரவுத்தளத்தில் 'எம்என்908947' என்று தேடினால் போதும். வூஹான் நோயாளி ஒருவரிடம் எடுத்த கரோனா வைரஸின் 29,903 எழுத்துகளும் வந்துவிடும். ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள்தான் மாறி மாறி வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தைவிடச் சின்னக் கோப்பு அது.

சரி, இதனால் என்ன பயன்? சீன விஞ்ஞானி சாங் யோங்சென் குழு கண்டறிந்த இந்த வரிசையை, அவர் ஒப்புதலோடு 2020 ஜனவரி 11 அன்று ஆஸ்திரேலியாவின் எட்வர்ட் ஹோம்ஸ் இணையத்தில் வெளியிட்டார். வைரஸ் மாதிரி கைக்கு வராமலேயே தடுப்பூசி வடிவமைப்பு தொடங்கியது. மார்ச் 16ஆம் தேதி மாடர்னா தடுப்பூசி முதல் தன்னார்வலருக்குச் சோதனையாகப் போடப்பட்டது.

பகிர்ந்தவருக்கு என்ன ஆச்சு? மறுநாளே அவரது ஆய்வகத்தை மூட உத்தரவு வந்தது. 2021 நவம்பரில் ஒமைக்ரான் வரிசையைத் தாமதிக்காமல் வெளியிட்ட தென்னாப்பிரிக்காவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் கிடைத்தது பயணத் தடை. உண்மையைச் சொன்னவருக்கே அடி விழுந்தால், அடுத்த முறை யார் வாய் திறப்பார்?

இந்தக் கசப்பு புதிதல்ல. எங்கள் மாதிரியில் செய்த தடுப்பூசி எங்களுக்கே எட்டவில்லை என்று சொல்லி, 2007இல் பறவைக் காய்ச்சல் மாதிரிகளைத் தர மறுத்தது இந்தோனேசியா. அடுத்த ஆண்டு 'ஜிஐஎஸ்ஏஐடி' தரவுத்தளம் வந்தது. இங்கே பெயரைப் பதிவு செய்துதான் உள்ளே போக முடியும். தரவு தந்தவரை ஆய்வில் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டிவைப்பது தீர்வாகாது. தொற்று பரவும்போது ஒவ்வொரு நாளும் முக்கியம். தரவு திறந்தே இருக்கட்டும்; ஆனால் தந்தவருக்கு அங்கீகாரமும், அதில் உருவாகும் மருந்தில் பங்கும் உறுதியாக வேண்டும். 2025 மே மாதம் உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள் ஏற்ற பெருந்தொற்று ஒப்பந்தம், இதற்கான விரிவான விதிகளைத் தனிப் பிற்சேர்க்கைக்கு விட்டுவைத்தது. அந்தப் பிற்சேர்க்கை வெறும் காகிதமாகிவிடக் கூடாது. தரவு கொடுத்த நாடு தடுப்பூசிக்கு வரிசையில் கடைசியில் நிற்கும் நிலை இன்னொரு முறை வரவே கூடாது.