பஞ்சாங்கம் அறியாத நாள்

"சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்றொரு பேச்சு நாட்டிலே நடமாடுகிறது. சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும் என்று சமையற்கட்டிலே பிறந்த சொல்லைச் சஷ்டி விரதமாக மாற்றி, அகப்பையைக் கருப்பையாக்கிப் பொருள் கூறிவிட்டனர் புராணப் பிரசங்கிகள். கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், தோழர்களே! சிரிக்க முடியவில்லை. அந்தச் சொல்லை நம்பி மாதந்தோறும் பட்டினி கிடக்கும் ஒருவர், நான் பணிபுரியும் பள்ளியிலே, எனக்கு அடுத்த நாற்காலியிலே அமர்ந்திருக்கிறார்.

அவருக்கு வயது 38. கணக்குப் பாடம் கற்பிப்பவர். அக்கா என்றுதான் அழைப்பேன். தந்தை மறைந்ததும் குடும்பப் பாரத்தைத் தோளிலே ஏற்றவர். தம்பியைப் படிக்கவைத்து, தங்கையைக் கரையேற்றி, பிறகே தன் வாழ்வை எண்ணிப் பார்த்தவர். மணம் முடிந்தபோது வயது 34. அன்று தொடங்கியது கேள்வி: "ஏதேனும் விசேஷம் உண்டா?" நான்கு ஆண்டுகளாக ஓயவில்லை அந்தக் கேள்வி. அரச மரத்தைச் சுற்றினார். தொட்டில் கட்டினார். நாகத்துக்குப் பால் வார்த்தார். மண்சோறும் உண்டார். சென்ற மாதம் ஒரு வளைகாப்பு. எல்லோரும் வளையல் பூட்டினர், அக்கா எழுந்தார். "நீ சற்றுத் தள்ளி நில், அம்மா" என்றார் ஒரு மூதாட்டி, மெல்லிய குரலில், மிகுந்த அன்போடு! நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்று வணங்கும் ஆசிரியை, கையிலே எடுத்த வளையலைத் தட்டிலே வைத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

மறுநாள் என்னிடம் ஒரு தாளைக் காட்டினார். சோதிடர் குறித்துக் கொடுத்த 'நல்ல நாட்கள்'. கணவர் வேற்றூரிலே பணியாற்றுகிறார். அந்த நாட்களைப் பார்த்தே விடுமுறை எடுத்து வருகிறார். திதி பார்த்து, விண்மீன் பார்த்து, திசை பார்த்துக் குறித்திருக்கிறார் சோதிடர். ஒன்றை மட்டும் அவர் கேட்கவில்லை: "அம்மா, உன் மாதவிலக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது?"

கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதானே!

உண்மை என்ன? பாலூட்டிகளின் கருமுட்டையைக் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேர் என்னும் அறிஞர் கண்டறிந்தது 1827-ம் ஆண்டில். அந்த முட்டை எந்நாளில் வெளிப்படுகிறது என்னும் கணக்கைத் தந்தவர்கள் இருவர். ஒருவர் ஜப்பானிய மருத்துவர் ஓகினோ. தம் ஆராய்ச்சியை 1924-ல் வெளியிட்டார். மற்றொருவர் ஆஸ்திரிய மருத்துவர் குனாஸ். தனியே ஆராய்ந்து அதே ஆண்டுகளை ஒட்டி அதே முடிவை நெருங்கினார். அவர்கள் உலகுக்குச் சொன்னது இது: முட்டை வெளிப்படும் நாளைச் சென்ற விலக்கிலிருந்து முன்னோக்கி எண்ணாதே, வரப்போகும் விலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணு. ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன், பெண்ணுக்குப் பெண் ஓரிரு நாள் கூடியோ குறைந்தோ, முட்டை வெளிவருகிறது. ஆகவே 28 நாள் சுழற்சி உடையவளுக்கு 14-ம் நாள்; 32 நாள் உடையவளுக்கு 18-ம் நாள்; 26 நாள் உடையவளுக்கு 12-ம் நாள்.

வெளிவந்த முட்டை உயிரோடிருப்பது 12 முதல் 24 மணி நேரம். ஆணின் விந்தணுவோ பெண்ணின் உடலிலே 5 நாள் வரை உயிரோடிருக்க வல்லது. எனவே கரு உருவாகக்கூடிய நாட்கள் ஒரு சுழற்சியில் ஆறே ஆறு: முட்டை வெளிப்படும் நாளும், அதற்கு முந்திய ஐந்து நாட்களும். அவற்றிலும் வாய்ப்பு மிகுந்தவை கடைசி இரண்டு மூன்று நாட்கள். முட்டை வந்து போன மறுநாள், எந்த வியாழன் எந்த வீட்டிலே உச்சம் பெற்றிருந்தாலும், வாய்ப்பு இல்லை! விண்ணிலே தேடுகிறார் சோதிடர். விடையோ அக்காவின் உடலிலே இருக்கிறது.

அந்த விடையைப் படிப்பது கடினமா? இல்லை. முட்டை வெளிவருவதற்கு முன் 24 முதல் 36 மணி நேர அளவில் எல்.எச். என்னும் சுரப்பு திடீரெனப் பெருகுகிறது. சிறுநீரிலே அதைக் காட்டும் பட்டை மருந்துக் கடையிலே கிடைக்கிறது. முட்டை வெளிப்படும் நாள் நெருங்க நெருங்க, பெண்ணுறுப்பிலே ஊறும் நீர் முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிந்து, வழுவழுப்பாகி, இழுத்தால் நீளும். அதைக் காண்பதற்குக் காசு வேண்டாம். கூச்சம் விட்டால் போதும். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுமுன் எடுக்கும் உடல் வெப்பம், முட்டை வெளிவந்த பின் அரை டிகிரி செல்சியஸ் அளவுக்குள் உயரும். உயர்வு தெரியும்போது அந்த மாதத்து வாய்ப்பு முடிந்திருக்கும். ஆயினும் மூன்று மாதம் குறித்து வந்தால் தன் உடலின் ஒழுங்கு தனக்கே விளங்கும். சினைப்பையில் நீர்க்கட்டிச் சிக்கல் உள்ளவர்களிடம் பட்டை பொய்ச்சாட்சி சொல்வதும் உண்டு. அவர்கள் மருத்துவரையும் துணைக்கொள்ள வேண்டும்.

இனி, சாத்திரம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். மனுதர்மம், பெண்ணின் பருவம் 16 இரவுகள் என்று வரையறுக்கிறது. முதல் நான்கு இரவும், 11-ம் இரவும், 13-ம் இரவும் ஆகாதவை. எஞ்சிய பத்தில் இரட்டைப்படை இரவிலே கூடினால் ஆண் மகவு. ஒற்றைப்படை இரவிலே கூடினால் பெண் மகவு! பிள்ளை ஆணா பெண்ணா என்பதை ஆணின் விந்தணு கொண்டுவரும் நிறக்கோல் தீர்மானிக்கிறது என்பதற்கு 1905-ம் ஆண்டிலேயே வழி காட்டிவிட்டார் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர். அது கிடக்கட்டும். கணக்கைப் பாருங்கள். 28 நாள் சுழற்சிக்காரிக்கு 14-ம் நாள் முட்டை வெளிப்படுமானால், மிகச் சிறந்த நாட்களிலே ஒன்று 13-ம் நாள். அது ஆகாதாம்! 32 நாள் சுழற்சிக்காரிக்குச் சிறந்த நாட்கள் 16, 17, 18. அவளுடைய பருவம் 16-லேயே முடிந்துவிட்டதாம்! 30-ஐக் கடந்து 40-ஐ நெருங்கும் பெண்களுக்குச் சுழற்சி சற்றுச் சுருங்குவது இயல்பு. 26 நாளானால் முட்டை 12-ம் நாள். அதற்கு முந்திய 11-ம் நாளுக்கும் பூட்டுப் போட்டாயிற்று! போதாக்குறைக்கு அமாவாசை ஆகாது, பௌர்ணமி ஆகாது, ஆடி மாதமெல்லாம் ஆகாது. ஆண்டுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று முறையே திறக்கும் கதவு; அதிலும் பாதி நாளைச் சாத்திவிட்டு, "திறக்கவில்லையே, நீ செய்த பாவம்" என்று பெண்ணின் தலையிலே பழி போடுகிறார்கள்.

பழியோடு விட்டார்களா? பிள்ளை பெறாத மனைவியை எட்டாம் ஆண்டிலே ஒதுக்கி, வேறொருத்தியை மணக்கலாம் என்று அதே மனு வழி வகுத்துத் தந்திருக்கிறார். அந்தச் சட்டம் இன்று நீதிமன்றத்திலே இல்லை. நடு வீட்டிலே இருக்கிறது. அக்காவின் மாமியார் இப்போதே ஜாடையாகப் பேசத் தொடங்கிவிட்டார்.

தசரதனுக்கு மனைவியர் மூவர். மூவருக்கும் ஆண் மகவு இல்லை. ஒருத்தியிடம் குறை என்றால் நம்பலாம், மூவரிடமுமா? நம் பள்ளியிலே ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால், ஆராய வேண்டியவர் யார் என்று சொல்லிவிடும். ஆனால் அயோத்தியிலே வேள்வி நடந்தது, பாயசம் வந்தது, பருகியவர்கள் பெண்கள்! அன்று போலவே இன்றும் விரதம் அவளுக்கு, மருந்து அவளுக்கு, ஊசி அவளுக்கு. 'மலடி' என்ற சொல் ஊரெங்கும் ஒலிக்கிறது. 'மலடன்' என்ற சொல்லை யார் வாயிலே கேட்டிருக்கிறீர்கள்? பிள்ளைப்பேறு இன்மையிலே ஏறத்தாழப் பாதி அளவில், தனியாகவோ மனைவியோடு சேர்ந்தோ, ஆணின் பங்கும் உண்டு என்கிறது மருத்துவம். ஆணுக்குரிய முதற் சோதனை ஒரு சிறு குப்பியிலே முடிந்துவிடும்; கத்தி இல்லை, வலி இல்லை. நான்கு ஆண்டுகளிலே அக்காவின் கணவர் அந்தக் குப்பியைத் தொடவில்லை. "எனக்கென்ன குறை?" என்கிறாராம். ஆண்மை என்பது சோதனைக்கு அஞ்சுவதா?

இங்கே தோழர் ஒருவர் குறுக்கிடக்கூடும்: "பிள்ளை பெறும் இயந்திரமாகப் பெண் இருத்தலாகாது என்று முழங்கிய இயக்கமல்லவா நமது? பிள்ளை பெற வழி சொல்வது முறையோ?" நல்ல கேள்வி. கர்ப்பத்தடையைப் பெரியார் வலியுறுத்தியபோது, மற்றவர்கள் வறுமையைச் சொன்னார்கள், உடல்நலத்தைச் சொன்னார்கள். அவரோ பெண்ணின் விடுதலையைச் சொன்னார். விடுதலை என்பது வேண்டாம் என்று சொல்லும் உரிமை. வேண்டும்போது வேண்டும் என்று சொல்லும் உரிமையும் அதுவே. ஓகினோவின் கணக்கைப் பிள்ளை வேண்டியவர்களும் பயன்படுத்தினர், வேண்டாதவர்களும் பயன்படுத்தினர். பிள்ளையே வேண்டாமென்று ஒரு பெண் முடிவு செய்தால், அவளைத் தள்ளி நில் என்று சொல்லவும் எவருக்கும் உரிமை இல்லை. பெற்றாலும் பெறாவிட்டாலும் அக்கா அக்காதான். அவர் பூட்டும் வளையல் வளையல்தான்.

படிப்புக்காக, பணிக்காக, உடன்பிறந்தாருக்காகப் பெண்கள் இன்று தாமதித்து மணக்கிறார்கள். அது குற்றமன்று, நாம் கேட்டுப் பெற்ற மாறுதல். ஆனால் சினைப்பை நம் கொள்கைக்காகக் காத்திராது என்ற உண்மையையும் மறைக்கக் கூடாது. உடல்நலமுள்ள 30 வயதுப் பெண்ணுக்கு ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 20 அளவில். 40-ல் அது 5-க்கும் கீழே இறங்குகிறது. நாள் குறித்துப் பார்ப்பது முட்டையின் வயதைக் குறைக்காது. இருக்கும் வாய்ப்பை வீணாக்காமல் காக்கும், அவ்வளவே. ஆகவேதான் 35 வயதுக்குட்பட்டவர் ஓராண்டு முயன்று பார்க்கலாம். 35-ஐக் கடந்தவர் ஆறு மாதத்திலும், 40-ஐக் கடந்தவர் உடனேயும் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள். அக்கா சோதிடரிடம் இழந்தது நான்கு ஆண்டுகள்! காணிக்கையைத் திருப்பிக் கேட்கலாம். காலத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?

மருத்துவம் என்ற பெயரிலும் புதுப் பூசாரிகள் உண்டு. கைப்பேசிச் செயலி எல்லாப் பெண்ணுக்கும் 14-ம் நாள் என்று ஆரூடம் சொன்னால், அதுவும் பஞ்சாங்கமே. கணவனைச் சோதிக்காமல் மனைவிக்கு மட்டும் மருந்தெழுதும் மருத்துவமனையும் கோயில் போன்றதே. உண்டியல்தான் சற்றுப் பெரிது. 'எவ்வளவு வாய்ப்பு, எவ்வளவு செலவு, என் வயதிலே எத்தனை பேருக்குப் பலித்தது' என்று கேளுங்கள். விடை சொல்லாதவரிடம் பணம் கட்டாதீர்கள்.

அக்காவிடம் பட்டையைப் பற்றிச் சொன்னேன். "கணக்கு வாத்தியார் நான், என் கணக்கை நான் போடாமல் விட்டேனே" என்றார். சோதிடரின் தாள் இன்னும் அவர் பைக்குள்ளே இருக்கிறது; அதன் பக்கத்திலே இப்போது ஒரு சிறு நோட்டும் இருக்கிறது. தேதி, வெப்பம், பட்டையின் நிறம். பலன் என்னவாகும்? வாய்ப்புக் குறைவு என்பதை அவரே அறிவார். ஆனால் இனி அவர் எண்ணுவது தன் நாளை. சோதிடரின் நாளை அல்ல.

எஞ்சியிருப்பது அவர் கணவரின் வேலை. அக்காவின் கணவரே, அவரைப் போன்ற ஆடவர்களே! அடுத்த விடுமுறைக்கு நல்ல நாள் பார்க்க வேண்டாம். சோதனைக்கூடம் திறந்திருக்கும் நாள் எதுவோ, அதுவே நல்ல நாள். புறப்படுங்கள்!