வராத நண்பரைத் தேடிப் போங்கள்!

முப்பது வருஷம் கழித்துக் கல்லூரி நண்பர்கள் ஒன்றுகூடுகிறீர்களா? ரொம்ப சந்தோஷம். விருந்து, போட்டோ, பழைய பட்டப்பெயர் எல்லாம் இருக்கட்டும். வராதவர் யாரென்று கவனித்தீர்களா? வேலை போனவர், துணையை இழந்தவர், கடனில் இருப்பவர்... 'இந்த நிலைமையில் எப்படிப் போய் நிற்பது?' என்று கூச்சப்பட்டு ஒதுங்கியிருப்பார். உங்கள் நட்பு அவருக்குத்தான் அதிகம் தேவை.

தூக்கமில்லை என்று வருகிறவர்களுக்கு அமுக்கரா சூரணம் கொடுக்கும்போதே, 'மனசு விட்டுப் பேச ஆள் இருக்கா?' என்றும் கேட்பேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-ல் தொடங்கி நடந்துவரும் ஆய்வும், முதுமையில் ஆரோக்கியத்துக்கு நல்ல உறவுகள் துணை என்றே சொல்கிறது.

ஆகவே, இரண்டு பேராகக் கிளம்பி அவர் வீட்டுக்கே போங்கள். சம்பளம், சொத்து பற்றி விசாரிக்காதீர்கள். 'எப்படிடா இருக்கே?' போதும். அப்புறம், மாதம் ஒருமுறை போன் செய்ய மறக்காதீர்கள்.