இன்னும் ஒரே ஒரு ஓவர்!

சென்ற வாரம் என் டீமில் நாலு பௌலர்களுக்கு அடி. ஒருவருக்கு முதுகு, ஒருவருக்குத் தோள்பட்டை, ஒருவருக்குத் தொடை. நாலாமவர் ஏன் நொண்டுகிறார் என்று கம்ப்யூட்டரே சொல்லவில்லை.

பயந்துவிடாதீர்கள். அடியேன் திருப்பூரில் மூன்று பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதும் சாதாரண பி.காம். இதெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆடுகிற கம்ப்யூட்டர் கிரிக்கெட்.

பட்டனைத் தட்டி சிக்ஸர் அடிக்கிற விளையாட்டு இல்லை சார் இது. யாரைச் சேர்ப்பது, யாரிடம் பந்தைக் கொடுப்பது, யாரை உட்கார வைப்பது... எல்லாம் முதலாளி வேலை. 1998-ல் 'இன்டர்நேஷனல் கிரிக்கெட் கேப்டன்' என்று வந்ததே, அந்த ரகம். அமெரிக்காவில் இதையே பேஸ்பாலுக்கு வைத்து ஆடுகிறார்கள். அங்கே பந்து எறிகிறவர் 'பிட்சர்'. அவர் எத்தனை முறை எறிந்தார் என்று எண்ணிக்கொண்டே இருப்பார்கள். நூறை நெருங்கினால் மாற்று ஆள் தயாராகிவிடுவார்.

நான் எண்ணவில்லை. பி.காம். படித்தும் எண்ணவில்லை! என் முதல் பௌலர் கேட்டபோதெல்லாம் விக்கெட் எடுத்தார். களைப்பைக் காட்டும் கோடு சிவப்பானது. 'இன்னும் ஒரே ஒரு ஓவர்' என்றேன். அந்த ஒரு ஓவர் ஒன்பது ஓவர் ஆயிற்று. மறுநாள் அவருக்கு ஆறு வார ஓய்வு. அவர் சுமையை இரண்டாமவர் தலையில் வைத்தேன். அவரும் படுத்தார். கடைசியில் ஓப்பனிங் பேட்ஸ்மேன் பந்து வீச, எதிரணி 600 அடித்தது.

"ஒரே மிக்ஸியில நாலு வீட்டு மாவை அரைச்சா மோட்டார் புகையத்தாங்க செய்யும்" என்றாள் மனைவி. கிரிக்கெட்டில் அவளுக்குத் தெரிந்தது தோனி மட்டும்தான். ஆனாலும் பாயிண்டைப் பிடித்துவிட்டாள்.

நிஜத்திலேயே இந்தக் கூத்து நடந்திருக்கிறது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணம். அடிலெய்டில் ஷமிக்குக் கையில் எலும்பு முறிவு. மெல்போர்னில் உமேஷுக்குக் கெண்டைக்கால். சிட்னியில் பும்ராவுக்கு வயிற்றுத் தசை, ஜடேஜாவுக்குக் கட்டைவிரல், அஸ்வினுக்கு முதுகு. பிரிஸ்பேனுக்குப் போனபோது கேப்டன் ரஹானேயிடம் பழைய கைகள் ஒன்றுகூட மிச்சமில்லை. வலைப்பயிற்சியில் பந்து போடக் கூடப் போன நம்ம சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனும், சென்னை வாஷிங்டன் சுந்தரும் அங்கேதான் முதல் டெஸ்ட் ஆடினார்கள். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட்! முதல் நாளே சைனியும் தொடையிடுக்கைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அப்படியும் 2021 ஜனவரி 19-ல், 1988-க்குப் பிறகு அந்த மைதானத்தில் தோற்காத ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்தோம்.

கைதட்டிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். அதே ஏப்ரலில் நடராஜனுக்கு முழங்காலில் ஆபரேஷன். மாற்று ஆளும் மனுஷன்தானே! 2024-25-ல் மறுபடி ஆஸ்திரேலியா. பும்ரா 151.2 ஓவர் போட்டார், 32 விக்கெட். கடைசி டெஸ்டில் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டாவது இன்னிங்ஸில் அவரால் பந்து வீசவே முடியவில்லை. அப்புறம்தான் 2025 இங்கிலாந்துப் பயணத்தில் ஐந்து டெஸ்டில் மூன்றுதான் என்று முன்கூட்டியே முடிவு பண்ணினார்கள்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே சனிக்கிழமை சம்பளப் பட்டியல் போட உட்கார்ந்தேன். ஷிப்மென்ட் வாரம். ஃபிளாட்லாக் டெய்லர் ஒருவர் பெயருக்கு நேரே, ஆறு நாளில் பத்தரை ஷிஃப்ட். எந்த அவசரப் பீஸ் வந்தாலும் "அண்ணன்கிட்டயே குடுங்க, முடிச்சுடுவாரு" என்பார் முதலாளி. ஒரு நாளும் அண்ணன் மாட்டேன் என்றதில்லை.

சம்பளம் வாங்க வந்தார். பேனாவைப் பிடிக்க விரல் மடங்கவில்லை.

"ஏனுங்ண்ணா?"

"ஒண்ணுமில்லீங் தம்பி. தோள்பட்டையிலிருந்து மரமரன்னு இருக்குது. திங்கக்கெழமை செரியாப் போயிரும்."

எனக்குச் சுருக்கென்றது. விளையாட்டிலாவது சிவப்புக் கோடு உண்டு. என் ரிஜிஸ்டரில் கூட்டுத்தொகைதான் உண்டு. 'ஒன்றரை', 'ரெண்டு' என்று தினமும் எழுதிய கை என்னுடையது.

முதலாளியிடம் போனேன். "ரெண்டு நாள் அவரை உட்கார வைக்கணும்ங்க."

"சரக்கு?"

"ஹெல்ப்பர் பையன் மத்தியானச் சோத்து நேரத்துல மெஷின்ல உக்காந்து பழகறானுங்க. பாத்திருக்கேன்."

முதலாளி யோசித்துத் தலையை ஆட்டினார். ஆனால் அண்ணன் முகம் வாடிவிட்டது. "வேண்டாமுங் தம்பி... ரெண்டு நாள் உக்காந்தா ரெண்டு நாள் சம்பளம் போச்சுங்களே."

எனக்கு இது தோன்றவே இல்லை! பும்ரா ஓய்வெடுத்தாலும் போர்டின் வருஷ ஒப்பந்தப் பணம் வந்துவிடும். ஷிஃப்டுக்குக் கூலி வாங்குகிறவருக்கு ஓய்வு என்பது அபராதம்.

மறுபடி முதலாளி. இந்தத் தடவை அவர் கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்தார். "செரி, ஒரு நாளைக்கு நான் குடுக்கறேன். ஊருக்கெல்லாம் சொல்லீறாதீங்க" என்றார். சொல்லவில்லை. எழுதத்தான் எழுதுகிறேன், ஹி... ஹி...

திங்கட்கிழமை பையன் தைத்ததில் பாதி செக்கிங்கில் திரும்பி வந்தது. பரவாயில்லை, பிரிஸ்பேனிலும் முதல் இன்னிங்ஸில் 369 கொடுத்துவிட்டுத்தானே ஜெயித்தோம்!

ரிஜிஸ்டரில் இப்போது ஒரு மாற்றம். வாரத்தில் எட்டு ஷிஃப்ட் தாண்டினால் சிவப்பு மையில் எழுதுகிறேன். கம்ப்யூட்டரில்? நேற்று ராத்திரி சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் மரியாதையாகப் பௌலரை மாற்றினேன். மணி ஒன்றரை.

"இன்னும் ஒரே ஒரு ஓவர்..." என்றேன்.

மனைவி வந்து சுவிட்சை அணைத்தாள்.