ஒலிக் குளியல்: மனசு லேசாகும்... நோய் தீருமா?

திண்டுக்கல் - கரூர் ரயில் பாதையில் உள்ள எரியோட்டைச் சுற்றி நூற்பாலைகள் அதிகம். ஷிப்ட் முடித்து வீடு திரும்பிய பிறகும் ஒரு மில் தொழிலாளியின் காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கலாம். அவர் கையில் உள்ள செல்போனிலோ, ஒலியால் உடம்பைக் குணமாக்கலாம் என்று ரீல்ஸ் ஓடுகிறது. இரைச்சல் கெடுத்ததை இன்னொரு ஒலி சரிசெய்யுமா?

என்ன நடக்கிறது?

குழுவாகப் பாய் விரித்து, கண்களை மூடிப் படுக்கிறார்கள். பயிற்சியாளர் உலோகக் கிண்ணங்களைத் தட்டுவார். விளிம்பில் கட்டையால் தேய்ப்பார். செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம் என்றால் ஒலி சட்டென நிற்காது, நீண்டு தேயும். நம்ம ஊர் கோயில் மணியும் அப்படித்தான். கவனம் அந்த ஒலியோடு போகும்போது மூச்சு மெதுவாகிறது, உடம்பு தளர்கிறது.

'திபெத்தின் பழங்கால ரகசியம்' என்பதெல்லாம் விளம்பரம். மேற்கத்திய நாடுகளில் இந்தக் கிண்ணங்கள் பிரபலமானதில், 1972-ல் வந்த 'திபெத்தன் பெல்ஸ்' இசைத்தட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆய்வு என்ன சொல்கிறது?

சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 62 பேரை இந்தத் தியானத்தில் பங்கேற்க வைத்தனர். பதற்றம், கோபம், சோர்வு குறைந்ததாக அவர்கள் கூறினர். ஆனால், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. போனை அணைத்துவிட்டு அதே நேரம் சும்மா படுத்திருந்தாலே இந்தப் பலன் கிடைத்திருக்குமா? அந்த ஆய்வில் பதில் இல்லை.

தியானத்துக்கு ஆதாரம் சற்று உறுதியானது. 47 பரிசோதனைகளைத் தொகுத்த 2014-ம் ஆண்டு ஆய்வு, கவலை, மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு பலன் இருப்பதாகச் சொன்னது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேலானது என்று சொல்லவில்லை.

அதற்குக் கிண்ணமும் கட்டாயமில்லை. இதே மாவட்டத்தில், கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் இயேசு சபைத் துறவி ஆமா சாமி தொடங்கிய போதி ஜென்டோவில், ஜென் மரபுப்படி மௌனமாக அமர்வதே கூட்டுத் தியானம்.

எங்கே கோடு போடணும்?

டென்ஷன் குறையணும், நல்லா தூங்கணும் என்றால் தாராளமாகப் போகலாம். 'சுகர், பிபி மாத்திரையை நிறுத்திடலாம்' என்று யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடுவதே நல்லது. மாய சிகிச்சையால் இந்த நோய்கள் குணமாகும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

காதிரைச்சல், வலிப்பு உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். ஆழ்ந்த தியானத்தில் சிலருக்குப் பதற்றம் கூடுவதும் உண்டு; பாதியில் எழுந்து போக அனுமதி இருக்க வேண்டும். மனசு ரொம்பச் சோர்ந்திருந்தால் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-ல் இலவசமாகப் பேசலாம்.

எரியோட்டு மில் தொழிலாளிக்கோ கணக்கு வேறு. இரைச்சலால் அழிந்த உள்காதுச் செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது தொழிற்சாலை விதிகளின் வரம்பு. அதை மீறாமல் பார்த்துக்கொள்வதும், காது அடைப்பான் தருவதும், காதுப் பரிசோதனை செய்வதும் நிர்வாகத்தின் வேலை. அதைச் செய்யாமல், 'தியானம் பண்ணு, சரியாயிடும்' என்று அவரிடம் சொல்வது நியாயமில்லை.