காற்று கூடினால் வேகம் கூடுமா?

தம்பிமார்களே! சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரத் தோட்டங்களில் கப்சாய் ஓட்டும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை: ஏர் பில்டரைக் கழற்றினால் காற்று தாராளமாகப் போகும், வண்டி பறக்கும் என்று.

காற்று அவசியந்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். ஆனால் காபரேட்டர் வண்டியில் பெட்ரோல் கூடாமல் காற்று மட்டும் கூடினால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறும். செம்பனைக் காட்டுச் செம்மண் தூசி உள்ளே புகுந்து பிஸ்டன் வளையத்தை அரம்போல் தேய்க்கும். அப்புறம் எண்ணெய் எரிந்து நீலப்புகைதான் வரும்.

அப்பா குலை வெட்டிய கூலியில் தவணை கட்டிய வண்டியல்லவா? அழுக்கேறிய பில்டரை மாற்றுங்கள். பிளக், செயின், டயர்க் காற்றைக் கவனியுங்கள். தொலைந்த வேகம் சில வெள்ளியிலேயே திரும்பிவிடும்.