பிரேக் கோளாறின் பதிவு உரிமையாளருக்கே சொந்தம்

2018 ஏப்ரலில் புதிய கார் மாடல்களுக்கும், அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் எல்லா கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. பிரேக்கைத் திடீரென மிதிக்கும்போது சக்கரங்கள் இறுகி வண்டி வழுக்கிவிடாமல், ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பித் தப்பிக்க வழிசெய்வது இந்த அமைப்பு. அதைக் கட்டாயமாக்கியது சரியான முடிவு. ஆனால், கட்டாயமாக்கியதோடு தன் வேலை முடிந்தது என்று அரசு இருந்துவிட்டது. வாரண்டிக் காலத்துக்குள் இந்த அமைப்பு பழுதானால், பழுதை நிரூபிக்கும் பதிவு வண்டியின் சொந்தக்காரர் கைக்கு வருவதில்லை. அதை அவரிடம் கொடுத்தே ஆகவேண்டும் என்று மோட்டார் வாகன விதிகள் கட்டாயப்படுத்தவும் இல்லை. இந்தக் குறையைச் சரிசெய்யாதவரை, பிரேக்குக்கு வாரண்டி உண்டு என்பது காகிதத்தில் மட்டுமே உண்மை.

சிக்கல் எங்கே என்று பார்ப்போம். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு வேக சென்சார் இருக்கிறது. அது அனுப்பும் தகவலில் பிசகு தெரிந்தால், கட்டுப்பாட்டுக் கருவி ஏபிஎஸ்ஸை நிறுத்திவிட்டு டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கை எரியவிடுகிறது. சாதாரண பிரேக் அப்போதும் வேலை செய்யும். கூடவே சிவப்பு விளக்கும் எரிந்தால் வண்டியை உடனே ஓரங்கட்ட வேண்டும். சென்சார் கோளாறு பல நேரங்களில் வந்துபோகும் தன்மையுடையது. மழைத் தண்ணீர் கனெக்டருக்குள் இறங்கினால் விளக்கு எரியும்; காய்ந்ததும் அணைந்துவிடும். வண்டி சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது விளக்கு எரிவதில்லை. ஆயினும், கட்டுப்பாட்டுக் கருவியின் நினைவகத்தில் குறியீடு பதிந்திருக்கும். சி0035 என்று பதிந்திருந்தால், முன் இடது சக்கர வேக சென்சாரின் மின்சுற்றில் பிசகு என்று பொருள். அதைப் படிப்பதற்கும் அழிப்பதற்கும் ஒரே ஸ்கேனர்தான். இரண்டுக்கும் இடையே ஒரு பொத்தான்தான் தூரம். குறியீட்டை எழுதி வைக்காமலே அழித்துவிட்டு, ‘சோதித்ததில் கோளாறு இல்லை’ என்று ஜாப் கார்டில் ஒரு வரி போட்டுவிட்டால், அந்தக் கோளாறு நடந்ததற்கே சாட்சி இல்லை. வாரண்டி முடிந்த பிறகு அதே விளக்கு அணையாமல் எரியத் தொடங்கினால், செலவு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும்.

எல்லா சர்வீஸ் சென்டர்களும் ஏமாற்றுகின்றன என்பதல்ல நம் வாதம். பழுதுக்குப் பணம் கொடுக்க வேண்டிய தரப்பே பழுது உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிறது. அந்தத் தீர்ப்புக்கான ஆதாரமும் அதன் கையிலேயே இருக்கிறது. நேர்மையானவர்கள் நடத்தினாலும் இந்த ஏற்பாடு நியாயமானதல்ல. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறைபாடுள்ள பொருளுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும் நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால், வந்துபோகும் கோளாறு ஆய்வக மேசையில் தலைகாட்டும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அன்றைய பதிவு இல்லாவிட்டால் வழக்கு வெறும் வாய்வார்த்தையாகிவிடும். பொதுநலனும் இதில் அடங்கியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, பாதுகாப்புக் குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிட அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. உரிமையாளர்களில் குறிப்பிட்ட அளவினர் புகார் தெரிவிப்பது அதற்கான முக்கிய வழிகளில் ஒன்று. ஒவ்வொரு புகாரும் ‘கோளாறு இல்லை’ என்று முடிக்கப்பட்டால், நூற்றுக்கணக்கான வண்டிகளில் இருக்கும் ஒரே குறை தனித்தனி ஆட்களின் சந்தேகமாகச் சிதறிப்போகும்.

நிறுவனங்கள் தரப்பில் சொல்லப்படும் காரணங்களை ஒதுக்கிவிட முடியாது. குறியீடு என்பது நோயின் அறிகுறி, நோய் அல்ல என்பார்கள். உண்மைதான். சி0035 வந்தால் சென்சார் கெட்டிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், கனெக்டர் துருப்பிடித்திருக்கலாம். அப்படியானால் குறியீட்டோடு எதை எதைச் சோதித்தார்கள் என்பதையும் எழுதித் தரட்டும். மறைப்பதற்கு இது காரணமாகாது. வெளியே கூடுதல் விளக்கும் ஹாரனும் மாட்டி வயரிங்கைக் கெடுத்துவிட்டு வாரண்டி கேட்கிறார்கள் என்பது இன்னொரு குறை. இதிலும் உண்மை உண்டு. அத்தகைய கோரிக்கையை நிராகரிக்கவும் நிறுவனத்துக்கு உதவப்போவது எழுத்துப்பூர்வமான சோதனை அறிக்கையே. தொழில்நுட்ப ரகசியம் வெளியே போய்விடும் என்ற வாதத்துக்கு மட்டும் வலுவில்லை. நம் கோரிக்கை மென்பொருளைத் திறந்து காட்டச் சொல்வதல்ல. தன் வண்டியில் என்ன கோளாறு பதிவானது என்று சொந்தக்காரருக்குச் சொல்லச் சொல்வதுதான்.

இதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உரிமையாளர் வண்டியை வெளியே பழுதுபார்த்தார் என்பதற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது, அந்த வேலையால் விளைந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அந்த ஆணை கூறியது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு விஷயம். ஆணையம் சுட்டிய அநீதி இன்னும் தீரவில்லை. சந்தையில் கிடைக்கும் மலிவான ஸ்கேனர்கள் பல, புகை தொடர்பான இன்ஜின் குறியீடுகளைப் படிக்கின்றன. பிரேக் குறியீடுகளைப் படிப்பதில்லை. ஆகவே, உரிமையாளர் தானே சோதித்துக்கொள்ளட்டும் என்று சொல்லி விலகவும் வழியில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மூன்று விதிகளைக் கொண்டுவர வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் ஆகியவற்றின் குறியீடுகளை அழிக்கும் முன் அச்சிட்ட ஸ்கேன் அறிக்கையை உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும். வாரண்டிக்குள் ஒருமுறை பதிவான கோளாறு மறுபடி வந்தால், இடையில் வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். அந்தப் பதிவுகளின் தொகுப்பை நிறுவனங்கள் அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். விதி வரும்வரை வாகன உரிமையாளர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. விளக்கு எரிவதைத் தேதியோடு படமெடுங்கள். சொன்ன புகார் சொன்னபடியே ஜாப் கார்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஸ்கேன் அறிக்கையை எழுத்துமூலம் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தை அணுக இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.