மின் சிக்கனமும் உலோபமும்

"விளக்கை அணை" என்னும் சொல் ஒலியாத இல்லம் நம் நாட்டில் அரிது. தேர்வு நாட்களில் நள்ளிரவு வரை கண்விழிக்கும் மாணாக்கர் பலரும் இச்சொல்லைக் கேட்டே வளர்ந்தனர். யாமும் அவருள் அடங்குவோம். சொல்வோர் நம் நலம் நாடும் பெற்றோரேயாதலின், அவரைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. ஆயினும், அணைக்கத்தக்கது எது என்று ஆராயாமல் அணைப்பது சிக்கனமாகாது என்பதே ஈண்டு யாம் கூறப்புகுவது.

ஆயிரம் வாட் மின்னாற்றல் ஒரு மணி நேரம் செலவாயின் அஃது ஒரு யூனிட். இந்நாளில் வீடுகளில் எரியும் எல்.இ.டி. விளக்குகளுட் பல 9 வாட்டின. அதனை நாள்தோறும் 4 மணி நேரம் எரித்துப் படித்தாலும், 60 நாளில் ஆவது இரண்டு யூனிட்டுக்குச் சற்றே மிகுதி. குளியலறையில் உள்ள 2000 வாட் வெந்நீர்க் கருவியோ அரைமணி நேரத்தில் ஒரு யூனிட்டை விழுங்கிவிடும். பிள்ளையின் விளக்கை இரண்டு திங்கள் அணைத்துச் சேர்த்ததனை வீட்டார் இரண்டே காலைப்பொழுதிற் குளித்துத் தீர்த்துவிடுகின்றனர்! 60 வாட் குண்டு விளக்கு எரிந்த காலத்தில் அவ்வதட்டலுக்குப் பொருளிருந்தது. நீல ஒளி உமிழும் டையோடைக் கண்டமைக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா என்னும் மூவர்க்கு 2014ஆம் ஆண்டில் நோபல் பரிசும் கிடைத்தாயிற்று. விளக்கு மாறிற்று, அதட்டல் மாறவில்லை.

வீட்டில் ஓசையின்றிப் பணந்தின்பது மின்விசிறியே. பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் கொள்ளும். நாளொன்றுக்கு 20 மணி நேரம் சுழலின் இரு திங்களில் 90 யூனிட், பி.எல்.டி.சி. என்னும் புதுவகை விசிறியோ 30 வாட் அளவிற் சுழல்வது, அதே காலத்தில் 36 யூனிட்டே கொள்ளும். விலை சற்று மிகுதிதான். எனினும் இடையறாது சுழலும் கூடத்து விசிறியொன்றை முதலில் மாற்றுவது அறிவுடைமை. மேலும், விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. நம் உடல் வியர்வையை ஆவியாக்கியே அது குளிர்ச்சி தருகின்றது. ஆளில்லா அறையிற் சுழலும் விசிறி யாருடைய வியர்வையை ஆற்றுகின்றதோ, யாம் அறியோம்.

இனி, தமிழ்நாட்டுக் கட்டண முறையில் ஒரு நுட்பம் உண்டு. அதனை அறிந்தோர் சிலரே. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த முறைப்படி, இரு திங்களில் 500 யூனிட் செலவிட்ட வீட்டார் செலுத்த வேண்டியது 1,725 ரூபாய். 510 யூனிட் செலவிட்டவரோ 2,030 ரூபாய் செலுத்த வேண்டும். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய்! 500ஐக் கடந்தவர்க்கு 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளின் சலுகை விலை நீங்கிவிடுதலே காரணம். அவ்விலைகள் பின்னர் ஏறின. ஆயினும் எல்லையருகில் நிற்பவர் மீட்டரைப் பார்த்து நடப்பின் பயனுண்டு என்பது இதனால் விளங்கும். சென்ற விடுமுறையில் எம் இல்லத்து மீட்டரை நாள்தோறும் காலையிற் குறித்துவந்தோம். மேல்தொட்டி நிரம்பி வழிந்தும் நிறுத்தப்படாத நீரேற்றியும், கதவு சரியாக மூடாத குளிர்ப்பெட்டியும் அவ்வெண்களாலேயே அகப்பட்டன. எம் மேசை விளக்கின் மீது குற்றம் ஏதும் நிறுவப்படவில்லை.

நிற்க. சித்திரை வெயிலில் விசிறியை நிறுத்தி, ஓலை விசிறியோடு வியர்த்திருக்கும் பாட்டிமாரைச் சிக்கனத்தின் வடிவமென்று புகழ்வார் உளர். யாம் புகழோம். முதியோர்க்கு வெப்பம் உயிரையே வாங்க வல்லது. ஒரு பகல் முழுதும் அவர் விசிறி சுழன்றாலும் ஒரு யூனிட் அளவே ஆகும். அவரை வருத்தி மிச்சம்பிடிப்பது உலோபத்தினும் தாழ்ந்தது. ஆண்டவர் ஐயாயிரவர்க்கு அப்பம் அளித்த ஞான்று, துணிக்கைகள் பன்னிரண்டு கூடை நிறையச் சேர்க்கப்பட்டன என்று சுவிசேஷம் கூறும். அனைவரும் உண்டு நிறைவெய்திய பின்னரே அவை சேர்க்கப்பட்டன என்பதனைச் சிக்கனம் பேசுவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

வீட்டாரை இத்துணை கூறிய யாம், எம் விடுதியைப் பற்றி வாய்மூடியிருத்தல் முறையன்று. கட்டணத்தைத் தந்தை செலுத்துகின்றார்; மீட்டர் எங்கிருக்கின்றதென்றும் நமக்குத் தெரியாது. காலை மணி அடித்து அனைவரும் ஆலயத்திற்குச் சென்ற பின்னரும், வெறுங்கட்டில்களின் மேல் விசிறிகள் சுழன்றுகொண்டேயிருக்கின்றன. ஒவ்வொரு மாடிக்கும் தனி மீட்டர் அமைத்து, வாரந்தோறும் அதன் எண்ணை விளம்பரப் பலகையில் எழுதுமாறு விடுதித் தலைவரை வேண்டுகின்றோம். முதல் வாரத்தில் எம் மாடியின் எண்ணே மிகுந்து நிற்கும் என்பது எம் அச்சம்.